பழைய ராணுவக் குளிர்கால உறக்கப்பைகளை அடையாளம் காணுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய ராணுவ உறக்கப்பைகளைச் சேகரிப்பவர்கள், மலையேற்றத்துக்காக, ராணுவம் கழித்த பொருள்களை விற்கும் உபரிக் கடைகளில் வாங்குபவர்கள், வெளிநாட்டு உறவினர் கொடுத்த பை எந்தக் காலத்தது என்று அறிய விரும்புபவர்கள் ஆகிய அனைவரும் திரும்பத் திரும்ப ஒரே ஐயங்களையே என்னிடம் கேட்டுவருகிறார்கள். அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். சந்தையில் மிகுதியாகக் கிடைப்பவை அமெரிக்கத் தரைப்படையின் பைகள் என்பதால் பெரும்பகுதி அவற்றைப் பற்றியது. பிற நாட்டுப் பைகளுக்கு ஒரு கேள்வி தனியாக உண்டு.

என்னிடம் இருப்பது ராணுவப் பையா, கடையில் விற்ற சாதாரணப் பையா? பச்சை நிறமாகத்தான் இருக்கிறது.

பச்சை நிறம் எதையும் உறுதிப்படுத்தாது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, வேட்டைக்காரர்களுக்கும் முகாமிடுவோருக்கும் அதே நிறத்தில், தோளில் அகன்று காலில் குறுகும் அதே மம்மி வடிவத்தில் பைகளைச் செய்து விற்ற நிறுவனங்கள் பல. பார்க்க வேண்டியது லேபிளை. ராணுவ லேபிளில் பொருளின் பெயர் தலைகீழ் வரிசையில் இருக்கும்: முதலில் பொருள், பிறகு அதன் தன்மை. 'பேக், ஸ்லீப்பிங், மவுண்டன்' (பை, உறங்குவதற்கு, மலைக்கு) என்று காற்புள்ளி இட்டு எழுதப்பட்டிருந்தால் அது அரசுக் கிடங்கின் பட்டியல் முறை. அதன் கீழே கையிருப்பு எண்ணும், ஒப்பந்த எண்ணும், செய்த நிறுவனத்தின் பெயரும் வரும்.

மாறாக, 'ஆர்.என்.' அல்லது 'டபிள்யூ.பி.எல்.' என்ற எழுத்துகளோடு ஓர் எண் இருந்தாலோ, உள்ளே நிரப்பியிருக்கும் பொருளை அறிவித்து, இந்தச் சீட்டை அகற்றக் கூடாது என்று எச்சரிக்கும் பெரிய வெள்ளைச் சீட்டு தைக்கப்பட்டிருந்தாலோ, அது பெரும்பாலும் பொதுமக்களுக்கு விற்கப்பட்ட பை. இவை அமெரிக்க வணிகச் சட்டங்கள் கோரிய அடையாளங்கள்.

லேபிளே கண்ணில் படவில்லை. எங்கே தேடுவது?

பையின் உட்புறம் வெளியே வருமாறு முழுவதும் திருப்பிப் போட்டுத் தேடுங்கள். திறப்பின் அருகே, ஜிப்பை ஒட்டிய உட்புறத் தையல், தலைமூடியின் கீழ்ப்பகுதி, கால் முனை ஆகியவற்றை வரிசையாகப் பாருங்கள். சில பைகளில் தனிச் சீட்டு இல்லாமல், எழுத்துகள் நேரடியாகத் துணி மீதே அச்சிடப்பட்டிருக்கும். அவை கறை போலத் தோன்றுவதால் பலர் கவனிப்பதில்லை.

மங்கிய எழுத்தைப் படிக்க, இருட்டறையில் டார்ச் ஒளியைப் பக்கவாட்டிலிருந்து தாழ்வாகப் பாய்ச்சிப் படமெடுத்து, அந்தப் படத்தின் ஒளி-இருள் வேறுபாட்டைக் கூட்டிப் பாருங்கள். சீட்டை நனைக்கவோ தேய்க்கவோ இஸ்திரி போடவோ வேண்டாம். எஞ்சியிருக்கும் மையும் போய்விட்டால் பையின் வரலாறும் அதோடு போய்விடும்.

லேபிளில் 'எம்-1949' என்று தெளிவாக இருக்கிறது. அப்படியானால் இது 1949இல் செய்யப்பட்டதுதானே?

இல்லை. நான் மிக அதிகமாகக் கேட்கும் கேள்வி இதுதான். விற்பவர்கள் மிக அதிகமாகத் தவறாகச் சொல்வதும் இதைத்தான். 'எம்' என்பதற்குப் பின்னுள்ள ஆண்டு அந்த வடிவமைப்புக்கு உரியது. அந்தப் பை தைக்கப்பட்ட ஆண்டு அன்று. எம்-1949 மலைப்பை கொரியப் போர்க் காலத்திலும் அதன் பிறகு 1960களிலும் தொடர்ந்து செய்யப்பட்டது. ஆகவே ஒரே பெயருள்ள இரண்டு பைகளுக்கு இடையே பதினைந்து ஆண்டு இடைவெளி இருப்பது இயல்பு. செய்த காலத்தை அறிய ஒப்பந்த எண்ணையும் அதன் அருகே அச்சிட்ட தேதியையும் படிக்க வேண்டும்.

அந்த ஒப்பந்த எண்ணை எப்படிப் படிப்பது? வெறும் எழுத்தும் எண்ணுமாக இருக்கிறது.

முதலில் முன்னெழுத்துகளைப் பாருங்கள். 'டபிள்யூ' என்று தொடங்கி நடுவே 'க்யூ.எம்.' என்று வந்தால் அது போர்த் துறையின் குவார்ட்டர்மாஸ்டர் பிரிவு, அதாவது படைக்குப் பொருள் வழங்கும் பிரிவு, இட்ட ஒப்பந்தம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தைச் சேர்ந்தது. 'டபிள்யூ 669 க்யூ.எம்.' என்ற தொடக்கம் பிலடெல்பியா கிடங்கைக் குறிக்கும். இந்த எண்களுக்குள் ஆண்டு இராது. தேதி தனியாக அச்சிடப்பட்டிருந்தால் மட்டுமே ஆண்டு துல்லியமாகத் தெரியும். 'பி.க்யூ.டி.' என்று தொடங்கும் விவரக்குறிப்பு எண்ணும் அதே பிலடெல்பியா கிடங்கினுடையதே.

'டி.ஏ.' என்று தொடங்கினால் அது தரைப்படைத் துறையின் ஒப்பந்தம். போர்த் துறை கலைக்கப்பட்டு அந்தத் துறை உருவானது 1947இல் என்பதால், இந்த முன்னெழுத்துள்ள பை உலகப் போரைப் பார்த்திருக்க முடியாது. 'டி.எஸ்.ஏ.' என்பது 1962 தொடக்கத்தில் இயங்கத் தொடங்கிய பாதுகாப்பு வழங்கல் முகமை. 1977 ஜனவரியில் அதன் பெயர் மாறியதால் அதற்குப் பிந்திய பைகளில் 'டி.எல்.ஏ.' என்று வரும். இவ்விரண்டிலும் ஆண்டு எண்ணுக்குள்ளேயே இருக்கிறது: 'டி.எஸ்.ஏ. 100-68-சி' என்று தொடங்கினால் 68 என்பது 1968ஆம் நிதியாண்டு. 1960களின் முற்பகுதி எண்களில் இந்த வரிசை சற்று மாறியிருக்கும், ஆனால் இரண்டிலக்க ஆண்டைத் தேடினால் கிடைக்கும்.

அது நாட்காட்டி ஆண்டு அன்று, நிதியாண்டு என்பதை நினைவில் வைக்க வேண்டும். அமெரிக்க அரசின் நிதியாண்டு 1976 வரை ஜூலை 1 அன்று தொடங்கியது. அதன்பின் அக்டோபர் 1 அன்று தொடங்குகிறது. எனவே 68 என்ற எண்ணுள்ள ஒப்பந்தம் 1967 ஜூலையிலேயே கையெழுத்தாகியிருக்கலாம், பை சில மாதங்கள் கழித்துத் தைக்கப்பட்டிருக்கலாம்.

கையிருப்பு எண்ணில் என் பைக்கு 11 இலக்கம், நண்பரின் பைக்கு 13 இலக்கம். எது உண்மையான ராணுவப் பை?

இரண்டுமே உண்மையானவையாக இருக்கலாம். 11 இலக்கம் பழைய கூட்டாட்சிக் கையிருப்பு எண். லேபிள்களில் 1950களின் பிற்பகுதியிலிருந்து பரவலாகக் காணப்படுகிறது. 1974 செப்டம்பர் இறுதியில் அதன் நடுவே நாட்டைக் குறிக்கும் இரண்டு இலக்கங்கள் சேர்க்கப்பட்டு 13 இலக்கத் தேசியக் கையிருப்பு எண் ஆனது. அமெரிக்காவுக்கு உரியவை 00, 01. முதல் நான்கு இலக்கங்கள் பொருளின் வகுப்பைச் சொல்லும். உறக்கப்பைகள் தனிநபர் சாதனங்களுக்கான 8465 வகுப்பைச் சேர்ந்தவை. உலகப் போர்க் காலப் பைகளில் இவ்விரண்டும் இரா. இரண்டு இலக்கம், ஓர் ஆங்கில எழுத்து, மேலும் சில இலக்கங்கள் என்ற குவார்ட்டர்மாஸ்டர் எண்தான் இருக்கும்.

இந்த எண்ணையும் முந்தைய விடையில் சொன்ன ஒப்பந்த எண்ணையும் பொருத்திப் பார்ப்பதே நம்பகமான சோதனை. 'டி.எஸ்.ஏ.' ஒப்பந்தத்தோடு 13 இலக்க எண் வந்தால் பை 1974க்கும் 1977க்கும் இடைப்பட்ட குறுகிய காலத்தில் விழுகிறது. 'டி.எல்.ஏ.' ஒப்பந்தத்தோடு 11 இலக்க எண் வந்தால் ஏதோ பொருந்தவில்லை. லேபிளை மீண்டும் கவனமாகப் படியுங்கள்.

உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கத் தரைப்படையிடம் எத்தனை வகைப் பைகள் இருந்தன?

மூன்றை அறிந்திருந்தால் போதும். முதலாவது கம்பளிப்பை. இதில் தூவியோ (பறவையின் மென்மையான உள்ளிறகு) பஞ்சோ கிடையாது. போர்வைக் கம்பளியை மம்மி வடிவில் வெட்டி, முன்புறம் ஜிப் வைத்துத் தைத்தது மட்டுமே. ஐரோப்பாவில் 1944–45 குளிர்காலத்தில் காலாட்படையினர் பயன்படுத்தியது பெரும்பாலும் இதைத்தான். கையில் எடுத்தவுடன் தைத்த போர்வை என்று தோன்றுவதால் பலர் இதை உறக்கப்பை என்றே நம்புவதில்லை.

இரண்டாவது மலைப்பை. நீர்ப்பறவைகளின் தூவியும் இறகும் கலந்து நிரப்பி, உடலை ஒட்டிய மம்மி வடிவில் செய்யப்பட்டது. கொலராடோவில் சுமார் 2,800 மீட்டர் உயரத்தில் இருந்த கேம்ப் ஹேலில் பயிற்சி பெற்று, பின்னர் இத்தாலிய மலைகளில் போரிட்ட 10ஆவது மலைப் பிரிவின் பெயரோடு இது இணைத்துப் பேசப்படுகிறது. மூன்றாவது ஆர்க்டிக் பை. ஒன்றுக்குள் ஒன்றாக நுழையும் இரண்டு தூவிப் பைகளின் தொகுதி. இன்று பெரும்பாலும் உட்பை தனியாகவும் வெளிப்பை தனியாகவும் பிரிந்து விற்பனைக்கு வருகின்றன. அசாதாரணமாக அகன்ற ஒரு பையைக் கண்டால் அது பிரிந்துபோன வெளிப்பையாக இருக்கலாம் என்று எண்ணிப் பாருங்கள்.

இந்தக் காலத்துக் குளிர்காலச் சாதனங்கள் அறைக்குள் மட்டும் வடிவமைக்கப்பட்டவை அல்ல. 1942 கோடையில், அன்று மெக்கின்லி என்று அழைக்கப்பட்ட டெனாலி மலைக்கு, பிராட்ஃபோர்ட் வாஷ்பர்ன், ராபர்ட் பேட்ஸ், டெரிஸ் மூர் போன்ற மலையேறிகளைக் கொண்ட ஒரு சோதனைக் குழுவைத் தரைப்படை அனுப்பியது. உடை, கூடாரம், உணவு, படுக்கை ஆகியவற்றைப் பனியில் வாழ்ந்தே சோதித்த அந்தக் குழுவினரில் சிலர் சிகரத்தையும் அடைந்தார்கள். இந்தப் பின்னணியை அறிந்தவர்களுக்கு ஒரு பழைய மலைப்பை வெறும் உபரிப் பொருளாகத் தெரியாது.

போர்க்கால மலைப்பையும் எம்-1949 மலைப்பையும் ஒரே மாதிரி இருக்கின்றன. எப்படிப் பிரிப்பது?

பிந்தையது முந்தையதன் வழித்தோன்றல் என்பதால் வடிவமும் நிரப்பும் நெருங்கியவை. லேபிள் இருந்தால் சிக்கல் இல்லை: பெயருக்குப் பின் 'எம்-1949' இருக்கிறதா, ஒப்பந்தம் 'டபிள்யூ'வில் தொடங்குகிறதா 'டி.ஏ.'வில் தொடங்குகிறதா என்று பார்த்தால் முடிந்துவிடும். வெறும் தோற்றத்தை வைத்து முடிவுசெய்வதை நான் ஏற்பதில்லை.

எம்-1949 வகை கொரியப் போரோடு சேர்ந்தே நினைக்கப்படுகிறது. 1950 நவம்பர்–டிசம்பரில் வட கொரியாவின் சோசின் நீர்த்தேக்கப் போரின்போது இரவு வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 30 டிகிரி செல்சியஸ் அளவுக்கும் அதற்கு அப்பாலும் இறங்கியது. இரவுத் தாக்குதலில் பைக்குள் சிக்கிக்கொள்ளும் அச்சம் படையினரிடம் உண்மையாகவே இருந்தது. அதனால் முன்னணியில் ஜிப்பை முழுவதும் மூடக் கூடாது என்று சில பிரிவுகளில் கட்டளை இடப்பட்டது.

'இன்டர்மீடியட் கோல்ட்' (இடைநிலைக் குளிர்) என்று லேபிளில் உள்ளது. இணையத்தில் தேடினால் கறுப்புப் பை வருகிறது, என்னுடையது ஆலிவ் பச்சை. எது சரி?

இரண்டும் சரி, இவை ஒரே பெயரைத் தாங்கிய இரண்டு தலைமுறைகள். பழையது எம்-1949க்குப் பின் வந்து 1970களிலும் 80களிலும் வழங்கப்பட்ட ஆலிவ் பச்சைப் பை. தூவி-இறகுக் கலவையோடு பாலியெஸ்டர் பஞ்சும் சேர்ந்தது, கனமானது. அதற்கு மேல்நிலையில் 'எக்ஸ்ட்ரீம் கோல்ட்' (கடுங்குளிர்) என்ற இன்னும் பருமனான வகை இருந்தது. முன்னதற்கு முதல் வகை என்றும் பின்னதற்கு இரண்டாம் வகை என்றும் லேபிளில் குறிப்பு இருக்கும்.

கறுப்புப் பை 1990களில் வந்த மாடுலர் தொகுதியின், அதாவது தேவைக்கேற்பச் சேர்த்துப் பயன்படுத்தும் பைத் தொகுதியின், ஒரு பகுதி. மெல்லிய பச்சை ரோந்துப்பை, கறுப்பு நிற இடைநிலைக் குளிர்ப்பை, காட்டு உருமறைப்பு நிறத்தில் கோர்-டெக்ஸ் என்ற நீர்புகாத் துணியாலான வெளியுறை, இவற்றை அழுத்திக் கட்டும் பை ஆகியவை சேர்ந்ததே முழுத் தொகுதி. அனைத்திலும் செயற்கை இழை நிரப்புதான், தூவி கிடையாது. ரோந்துப்பை ஏறத்தாழ −1, கறுப்புப் பை −23, முழுத் தொகுதி −34 டிகிரி செல்சியஸ் வரை என்று வகுக்கப்பட்டது. மலையேறுபவருக்கு இது நல்ல பொருள். ஆனால் இதைப் பழம்பொருள் விலைக்கு விற்பது நியாயமன்று.

ஜிப்பில் 'டேலன்' என்று பொறித்திருக்கிறது. இது போதாதா போர்க்காலம் என்று சொல்ல?

போதாது. பென்சில்வேனியாவின் மீட்வில் நகரில் தொடங்கிய அந்த நிறுவனம் 1937இல் டேலன் என்று பெயர் மாற்றிக்கொண்டு, அதன் பிறகு பல பத்தாண்டுகள் ராணுவத்துக்கு ஜிப் வழங்கியது. உலகப் போர்ப் பையிலும் வியட்நாம் போர்க் காலப் பையிலும் அதே பெயரைப் பார்க்கலாம். கிரௌன், கான்மார் ஆகிய பெயர்கள் போர்க் காலத்தையும் அதை அடுத்த ஆண்டுகளையும் நோக்கிக் கை காட்டும். ஸ்கோவில் பெரும்பாலும் பிந்தையது.

ஒரு பை இந்தக் காலத்தது அன்று என்று மறுப்பதற்கே ஜிப் அதிகம் உதவும். பிளாஸ்டிக் பற்களோ நைலான் சுருளோ உள்ள பையைப் போர்க்காலத்தது என்று சொல்ல முடியாது. ஜப்பானிய ஜிப் நிறுவனமான ஒய்.கே.கே.யின் அமெரிக்க ஜார்ஜியா மாநில ஆலை 1974இல்தான் தொடங்கியது. ஆகவே 1940களின் லேபிளுள்ள பையில் அந்தப் பெயர் இருந்தால் ஜிப் பின்னாளில் மாற்றப்பட்டது என்று கொள்ள வேண்டும். மாற்றியிருந்தால் அந்த இடத்தில் பழைய ஊசித் துளைகளும் வேறு நிற நூலும் தென்படும்.

நிறத்தை வைத்துக் காலம் சொல்கிறார்களே, அது நம்பத் தகுந்ததா?

ஓரளவுக்கு மட்டும். போரின் தொடக்கத்தில் மஞ்சள் சாயல் கொண்ட வெளிர் ஆலிவ் நிறமும் (எண் 3), 1943இலிருந்து அடர் பச்சையான எண் 7உம் பயன்பட்டன, 1950களில் ஓ.ஜி.-107 என்ற ஆலிவ் பச்சை வந்தது. ஆனால் பருத்தித் துணி வெயிலிலும் துவைப்பிலும் வெளிறும்போது ஒரு நிறம் மற்றொன்றாகத் தோன்றும். ஒளி படாத தையல் மடிப்புக்குள்ளும் லேபிளின் அடியிலும் பாருங்கள். கைபேசிப் படத்தில் தெரியும் நிறத்தை மட்டும் வைத்து என்னால் விடை சொல்ல இயலாது.

உறையில் 1945 என்று இருக்கிறது, உள்ளே இருக்கும் பையில் 1952 என்று இருக்கிறது. யாரோ ஏமாற்றிவிட்டார்களா?

அவ்வாறு எண்ணத் தேவையில்லை. நீர்விலக்கும் பருத்தி உறை தனிப் பொருளாகவே வாங்கப்பட்டது. அதற்குத் தனி லேபிள், தனி ஒப்பந்தம். கிடங்கில் மிஞ்சிய போர்க்கால உறைகள் பின்னாளில் புதிய பைகளோடு வழங்கப்பட்டன. ஒவ்வொரு பகுதியையும் அதனதன் லேபிளின்படி தேதியிடுங்கள். ஆனால் உறையின் தேதியை மட்டும் காட்டி முழுத் தொகுதியையும் போர்க்காலத்தது என்று விற்பவரிடம் பையின் லேபிளைக் காட்டும்படி கேளுங்கள்.

பையில் மையால் ஓர் எழுத்தும் நான்கு இலக்கங்களும் எழுதப்பட்டிருக்கின்றன. இது என்ன?

அது சலவைக் குறி. படைவீரரின் குடும்பப் பெயரின் முதலெழுத்தும் அவரது சேவை எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களும் சேர்ந்தது. உலகப் போர்க் காலத்தில் இது பொது வழக்கம். ஒரு மனிதர் பயன்படுத்திய பொருள் என்பதற்கு இதைவிட நேரடியான தடயம் கிடைப்பது அரிது. தயவுசெய்து அழிக்காதீர்கள்.

ஒன்பது இலக்கங்கள் முழுமையாக எழுதப்பட்டிருந்தால் கவனம் தேவை. 1969 ஜூலை முதல் தரைப்படை சேவை எண்ணுக்குப் பதிலாகச் சமூகப் பாதுகாப்பு எண்ணைப் பயன்படுத்தியது. அந்த எண்ணுக்கு உரியவர் இன்றும் வாழ்ந்துகொண்டிருக்கலாம் என்பதால், இணையத்தில் படம் போடும்போது எண்ணை மறைத்துவிடுங்கள்.

லேபிள் முழுவதும் வெட்டப்பட்டுவிட்டது. இனி வழியே இல்லையா?

குத்துமதிப்பாகச் சொல்லலாம், ஆண்டைச் சொல்ல முடியாது. நிரப்பைத் துணிக்கு மேலாக விரல்களால் உருட்டிப் பாருங்கள். மெல்லிய தண்டுகள் குத்தினால் இறகு கலந்திருக்கிறது. அதோடு தட்டையான பஞ்சு அடுக்கும் தட்டுப்பட்டால் 1970–80களின் வகையாக இருக்கக்கூடும். தூவி-இறகு மட்டும் இருந்து, உலோக ஜிப்பும் பருத்தித் துணியும் சேர்ந்தால் எம்-1949 அல்லது அதற்கு முந்தியது. அதற்கு மேல் உறுதியாகச் சொல்பவர் ஊகத்தையே சொல்கிறார்.

அமெரிக்கப் பை இல்லை என்று தோன்றுகிறது. வேறு எந்த நாடு என்று எப்படி அறிவது?

13 இலக்க எண் இருந்தால், ஐந்தாம் ஆறாம் இலக்கங்கள் நாட்டைச் சொல்லும்: பிரிட்டனுக்கு 99, கனடாவுக்கு 21, ஜெர்மனிக்கு 12, பிரான்சுக்கு 14. டொரொண்டோவிலிருந்து உறவினர் அனுப்பும் பைகளில் நான் முதலில் தேடுவது 21ஐத்தான். எண் இல்லாத பழைய பொருளில், மேல்நோக்கிய மூன்று கோட்டு அம்புக்குறி பிரிட்டனுடையது. அதே அம்பு ஆங்கில 'சி' எழுத்துக்குள் அடங்கியிருந்தால் கனடாவுடையது.

ஜெர்மானியப் பை ஒன்றைக் குறியே இல்லாமலும் கண்டுபிடிக்கலாம். அதற்குக் கைகள் உண்டு. ரப்பர் பூசிய துணியாலானது. கீழ்ப்பகுதியை மேலே தூக்கிக் கட்டிக்கொண்டு அணிந்தபடியே நடக்கலாம்.

புற ஊதா விளக்கில் நூல் ஒளிர்ந்தால் போலி என்கிறார்கள். உண்மையா?

பாதி உண்மை. போர்க்கால நிகழ்வுகளை நடித்துக் காட்டும் குழுவினருக்காகக் கம்பளிப்பையின் மறுஉருவாக்கங்கள் செய்யப்படுகின்றன. அவற்றின் செயற்கை நூல் ஒளிரக்கூடும். ஆனால் இன்றைய சலவைத்தூளில் உள்ள வெண்மையூட்டிகளும் ஒளிரும் என்பதால், ஒருமுறை துவைத்த உண்மையான பையும் அதே விளக்கில் மின்னும். நூல் மட்டும் ஒளிர்ந்து சுற்றியுள்ள துணி ஒளிராவிட்டால் ஐயப்படுங்கள். முழுவதும் ஒளிர்ந்தால் அது துவைக்கப்பட்டது என்பதே பொருள். ஜிப்பின் நாடாவையும் லேபிளின் தையலையும் தனித்தனியாகச் சோதியுங்கள்.

இதை எடுத்துக்கொண்டு இமயமலைக்குப் போகலாமா? துவைக்கலாமா?

ஐம்பது ஆண்டு பழைய தூவிப் பையை நம்பி உயரமான இடத்துக்குச் செல்ல வேண்டாம். நசுங்கிய தூவி காற்றைப் பிடித்துவைக்காது. பையை விரித்து ஒரு நாள் கழித்தும் உப்பாமல் இருந்தால் அதன் வெதுவெதுப்பு போய்விட்டது. பூஞ்சை வாசனை இருந்தால் படுக்கவே வேண்டாம்.

துவைத்தே ஆக வேண்டுமானால் குளிர்ந்த நீரும் மென்மையான சோப்பும் போதும். ஈரமான பையை ஒரு முனையில் பிடித்துத் தூக்கினால் நீரின் எடையில் உள்தையல் கிழியும். இரு கைகளாலும் அடியிலிருந்து ஏந்தி எடுங்கள். நிழலில், அடிக்கடி உதறி, உட்புறம் முழுவதும் உலரும்வரை விட்டுவையுங்கள். உலர்சலவைக்குக் கொடுத்தால், கரைப்பான் ஆவி நிரப்புக்குள் தங்கி உறங்குபவருக்கு ஆபத்தாகலாம் என்பதால், பல நாட்கள் காற்றோட்டமாகத் தொங்கவிடாமல் பயன்படுத்தக் கூடாது. எதைச் செய்வதானாலும் அதற்கு முன் லேபிளைத் தெளிவாகப் படமெடுத்துக்கொள்ளுங்கள்.

இணையத்தில் வாங்குவதற்கு முன் விற்பவரிடம் என்னென்ன கேட்க வேண்டும்?

லேபிளின் நெருக்கமான படம், ஜிப் இழுப்பானின் இரு பக்கங்கள், பையை முழுவதும் விரித்த படம், உட்புறத் துணியின் படம் ஆகியவற்றைக் கேளுங்கள். உறை சேர்ந்திருந்தால் அதன் லேபிளையும் தனியாகக் கேளுங்கள். லேபிள் இருப்பதாகச் சொல்லிவிட்டுப் படம் அனுப்ப மறுப்பவரிடம், லேபிள் இல்லாத பைக்குக் கொடுக்கும் விலைக்கு மேல் கொடுக்காதீர்கள்.